டிரெய்லர் வாலாட்டினால்

மச்சானுக்கு ஊர் சுற்றும் ஆசை, எனக்கு லாட்ஜுக்குக் காசு கொடுக்க மனசு வராது. இரண்டும் சேர்ந்ததில், புதுச்சேரியில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, பொலேரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி சின்ன டிரெய்லர் வீடு ஒன்று செய்து வாங்கினோம். இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு, 150 லிட்டர் தண்ணீர் டிரம். காலியாக 620 கிலோ.

முதல் ஓட்டம் கடலூருக்கு. பாய், பாத்திரம், கேஸ், ரொப்பிய டிரம் எல்லாம் ஏற்றிக் கிளம்பினோம். கிருமாம்பாக்கம் வரை ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி வேகம் 70-ஐத் தொட்ட நேரத்தில், பின்னால் வந்த தனியார் பஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் உரசுகிற மாதிரி முந்திப் போனது. அந்தக் காற்றுக்கு டிரெய்லர் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியது, திரும்பி வந்து மறுபக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போனது, மூன்றாவது ஆட்டத்தில் வண்டியின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"மாமா, பிரேக் அடிக்காதீங்க! ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை மட்டும் எடுங்க, ஸ்டியரிங்க நேரா புடிங்க!"

அவன் கத்தியது சரி. முன்வண்டி சட்டென்று நின்றால் பின்வண்டி தள்ளும், தள்ளினால் மடங்கும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடிப்பதும் ஆட்டத்துக்குத் தீனி போடுவதுதான். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம், எங்களுடையதில் இல்லை. வேகம் 40-க்கு இறங்கிய பிறகுதான் அடங்கியது. முள்ளோடையில் ஓரங்கட்டி டீ குடித்தேன், கிளாஸ் கையில் நிற்கவில்லை.

தப்பு பட்டறைக்காரர் மேல் இல்லை, எங்கள் மேல். இடம் இருக்கிறதே என்று டிரம்மைக் கடைசியில், பின்கதவை ஒட்டி வைத்திருந்தோம். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ! அது வாலில் உட்கார்ந்ததும் டிரெய்லரின் மூக்கு, அதாவது வண்டியில் மாட்டுகிற முன்முனை, லேசாகிவிட்டது. மூக்கு லேசானால் வால் ஆடும். வண்டியின் பின்னால் மூக்கு உட்காரும் உருண்டை, அதாவது கொக்கியின் பந்து மேல் மூக்கு அழுத்துகிற எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள், அங்கே இழுக்கிற வேகமும் குறைவு. நம் ரோட்டுக்கு, நம் பஸ்களுக்கு, நான் 10-க்குக் கீழே போக மாட்டேன்.

கடலூர் வந்ததும் முதல் வேலையாக எடைமேடையில் ஏற்றினோம், சாமானோடு 860 கிலோ. மூக்கு எடைக்கு அரிசி மண்டித் தராசு. டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, தராசு மேல் கட்டையை அடுக்கி, வண்டியில் மாட்டியிருக்கும் அதே உயரத்தில் மூக்கை இறக்கினோம். 30 கிலோ! நாலு சதவீதம்கூட இல்லை. மண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, அரிசி மூட்டையவிட எடை கம்மியா இருக்கு?" என்றார். டிரம்மைக் காலி செய்து, அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்திக் கட்டி, மறுபடி நிரப்பி வைத்தபோது 95 காட்டியது. மொத்தத்தில் ஒரு கிலோகூட மாறவில்லை, டிரம் இடம் மாறியது அவ்வளவுதான். ஒன்று, டிரம் முழுசாக இருக்க வேண்டும், இல்லை காலியாக இருக்க வேண்டும். பாதித் தண்ணீர் அலம்புவது தனித் தலைவலி.

டிரெய்லரையும் வண்டியையும் இணைக்கிற காவல் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், கொக்கி கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி மேல் விழும். டயர் காற்றைக் கிளம்பும் முன், சூடாகாதபோது பாருங்கள்.

ரிவர்ஸ் எடுக்கத்தான் எனக்கு ஒரு வாரம் ஆனது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் கையை வைத்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரும் போகும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலை ஆறு மணிக்குப் பழகினேன். வாக்கிங் வந்தவர்கள் நடப்பதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று "லெஃப்ட்ல ஒடிங்க", "ரைட்ல ஒடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.