கடலில் நிற்கணும், பஸ்ஸில் அடங்கணும்

நேற்று இரவுதான் விருத்தாசலம் வந்து சேர்ந்தேன். பையை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. கடலூர், புதுச்சேரி இரண்டு நாள் பயணத்தில் எங்கே தங்கினோம், எதற்கு எவ்வளவு ஆனது, கேமராவை நிறுத்தும் மூன்று கால் ட்ரைபாட் எப்படிப் பார்த்து வாங்கினேன் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வரிசையெல்லாம் வராது போலிருக்கிறது. ட்ரைபாட் மேல் அவ்வளவு எரிச்சல்.

முதலில் பழையதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஆன்லைனில் 1,350 ரூபாய்க்கு வாங்கியது. ஐந்தடி உயரம் போகும், 5 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். என் கேமராவும் 18-55 லென்ஸும் சேர்ந்தே முக்கால் கிலோதான், தாராளமாகப் போதும் என்று நினைத்தேன். தாங்கும் என்றால் ஒடியாது என்றுதான் அர்த்தம், ஆடாது என்று அர்த்தமில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, சிமென்ட் தரையில் வைத்து, அக்கா பிள்ளைகளைப் படம் எடுத்தவரை அது நல்ல ட்ரைபாட்தான்.

வெள்ளிக்கிழமை இரவே கடலூர் போய், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 700 ரூபாய் லாட்ஜில் படுத்தோம். நானும் மாமா மகனும். விடிவதற்கு முன்பே தேவனாம்பட்டினம் சில்வர் பீச். மாசி மாதம் சூரியன் வர ஆறரை ஆகிவிடும். அதற்கு அரைமணி முன்னால் இருக்கும் மங்கல் வெளிச்சத்தில் ஒளியைக் குறைவாக வாங்கும்படி ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்று வைத்தால் ஷட்டர் பல விநாடி திறந்திருக்கும். அலையின் நுரையெல்லாம் பஞ்சு மாதிரி வழிந்து வரும். அந்தப் படத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போனது.

முதல் படத்தில் அடிவானம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவதில் ஒன்றுதான், ஆனால் சாய்ந்திருந்தது. மூன்றாவதில் கரையில் கிடந்த படகு ஆவி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன தப்பு என்று பார்த்தால், குனிய சோம்பல்பட்டு நடுத்தண்டை முழுக்க உயர்த்தி வைத்திருக்கிறேன். மூன்று காலுக்குக் காசு கொடுத்துவிட்டு, கடைசியில் கேமராவை ஒற்றைக் குச்சி மேல் நிறுத்தியிருக்கிறேன்! கடல் காற்றுக்கு அந்தக் குச்சி கிணுகிணுவென்று ஆடியது. பெட்டியில் போட்டிருந்த ஐந்தடியும் அந்தக் குச்சியையும் சேர்த்து அளந்ததுதான். ட்ரைபாட் வாங்குகிறவர்கள் நடுத்தண்டை இறக்கிவைத்து எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். கேமரா, அதை மாட்டும் தலைப்பகுதியான ஹெட் இரண்டின் உயரத்தையும் சேர்த்து அது உங்கள் கண்ணுக்கோ, குறைந்தது தாடைக்கோ வந்தால் போதும்.

அப்புறம் ஓர் அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை, கணுக்கால் அளவுதான். அது திரும்பிப் போகும்போது கடல் பக்கத்துக் கால் மெல்ல இறங்கியது. நான் பதறி மேலே பிடித்து இழுக்க, இன்னொரு காலின் பிளாஸ்டிக் கிளிப் ‘டப்’பென்று விட்டது. கேமரா தலைகுப்புறப் போவதற்குள் மாமா மகன் அதன் வாரைப் பிடித்துவிட்டான். லென்ஸ் முகப்பில் ஈரமணல். நான் திட்டிய திட்டெல்லாம் இங்கே எழுத முடியாது.

பக்கத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எழுந்து வந்தார்.

“தம்பி, மேல மேல ஏத்துறியே, அடியில நட்டியா?”

“மணல்லதானே அண்ணே நிக்குது.”

“அலை வரப்ப ஒண்ணும் பண்ணாது. போறப்பதான் காலுக்கு அடியில மண்ண உருவிக்கிட்டுப் போவும்.”

ஒவ்வொரு காலாகப் பிடித்து, திருகித் திருகி ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கினார். விட்டுப்போன கிளிப்பின் மேல் நைலான் நரம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அதற்கு மேல் அந்தக் கால் நகரவே இல்லை. அந்தக் கம்பெனிக்காரர்கள் இரண்டு நாள் இவரிடம் வந்து வேலை கற்றுக்கொள்ளலாம். மணலில் நடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிறகுதான் தோன்றியது. வழக்கமாக மேலே இருக்கும் தடிமனான பகுதியைத்தான் முதலில் நீட்டுவோம். கடற்கரையில் மட்டும் அடியில் இருக்கும் மெல்லிய பகுதியை முதலில் ஓர் அடியாவது நீட்டி, அதை மண்ணில் இறக்க வேண்டும். பகுதிகளை இறுக்கும் பூட்டுகள் உப்புத் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்.

எல்லாம் சரியாகி நிமிர்ந்தால், வெயில் வந்துவிட்டது. பஞ்சு அலை போச்சு. அவரை மட்டும், கையில் பிடித்தே, 1/500 விநாடியில் ஒரு படம் எடுத்தேன். இந்தப் பயணத்திலேயே அதுதான் நல்ல படம் என்று மாமா மகன் சொல்கிறான். சொல்லட்டும்.

திரும்பும் வழியில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தை எட்டிப் பார்த்தோம். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுகிற இடம் வரைக்கும் நிலம் என்று பேச்சாம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. பீரங்கியை என் ட்ரைபாட் மேல் ஏற்றிச் சுட்டிருந்தால் கம்பெனிக்கு ஒரு காணிகூடத் தேறியிருக்காது.

காலைக் கோபத்தையெல்லாம் மத்தியானச் சாப்பாடு அடித்துக்கொண்டு போய்விட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்துக்குள், பலகை பாதி அழிந்துபோன மெஸ். சாப்பாடு 110 ரூபாய், நெத்திலி வறுவல் 80. சங்கரா மீன் குழம்பு. முதல்நாள் வைத்ததா என்று கேட்டேன். “காலையில வெச்சது தம்பி, நேத்து வெச்சது இன்னும் நல்லா இருக்கும், அது தீந்துபோச்சு” என்றார் பரிமாறிய அக்கா. மாங்காய் போட்ட புளிப்பு. குழம்புக்காகவே இரண்டாம் முறை சோறு, ரசத்தைத் தொடவே இல்லை. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றுகொண்டே முடிவெடுத்தேன்: பாண்டியில் இன்றைக்கே புது ட்ரைபாட். 5,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில்தான் எனக்குப் பாதி ஞானம் கிடைத்தது. சனிக்கிழமைக் கூட்டம், நிற்க இடமில்லை, ஸ்பீக்கரில் பாட்டு காதைக் கிழிக்கிறது. பழைய ட்ரைபாட் மடக்கினாலும் இரண்டடிக்குக் குறையாது, பையில் நுழையாது. கையில் பிடித்தால் யாரையாவது குத்துகிறது. “அது என்னாப்பா, துப்பாக்கியா?” என்றார் கண்டக்டர். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “தம்பி, அந்தக் கம்ப அப்பால எடு, கண்ணுல குத்திடப் போவுது” என்று ரெட்டிச்சாவடி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் கடலோரம், இன்னும் கனமாக, இன்னும் தடியாக ஒன்று வாங்க வேண்டும் என்று சபதம் போட்டிருந்தேன். பஸ்ஸில் அந்தச் சபதம் ஆட்டம் கண்டுவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் எழுதும் ட்ரைபாட் அறிவுரையை பஸ்ஸில் போகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்குக் கடலில் நிற்கவும் வேண்டும், பஸ்ஸில் அடங்கவும் வேண்டும்.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஆட்டோ. நேரு வீதிக்கு 200 ரூபாய்! இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மீட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏன் அண்ணே இவ்வளவு என்றால், “லக்கேஜ் இருக்குல்ல” என்று ட்ரைபாடைக் காட்டுகிறார். உடைந்த ட்ரைபாடுக்குக் கூலி! நடந்தே போயிருக்கலாம். வெயிலில் மாமா மகன் முகம் சுருங்கியதைப் பார்த்து 150க்கு ஏறினேன், இப்போதும் வயிறு எரிகிறது. ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ கேட்டு ஏறுங்கள்.

கடை ஒரு குறுக்குத் தெருவில். கல்லாவில் இருந்த பெரியவர் நான் கேட்டதுமே ட்ரைபாடை எடுக்கவில்லை. “கேமராவக் குடுங்க” என்றார். இருப்பதிலேயே கனமான லென்ஸைப் போடச் சொன்னார். என்னிடம் இருந்தது ஒரு பழைய 70-300. மூன்று ட்ரைபாடுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் கேமராவை மாட்டி, கேமராத் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, காலில் விரலால் சுண்டினார். திரையில் படம் குதிக்கிறது. “நிக்கிற வரைக்கும் எண்ணுங்க.”

ஐந்து பகுதிகளாக நீளும் கார்பன் ஃபைபர் ஒன்று, 1.1 கிலோ, கையில் எடுத்தால் அகப்பை மாதிரி லேசு. அடிப்பகுதி பென்சில் தடிமன்தான் இருந்தது, நான்குக்கு மேல் எண்ணினேன். விலை 9,000 சொன்னார், எனவே மேற்கொண்டு எண்ணவில்லை. மூன்று பகுதி அலுமினியம் ஒன்று, 2.3 கிலோ, சுண்டினால் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் மடக்கினால் இரண்டடிக்கு மேல், பூக்காரம்மா ஞாபகம் வந்தது. நடுவில் ஒன்று: நான்கு பகுதி அலுமினியம், பந்து மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும் பால் ஹெட்டோடு 1.6 கிலோ. கால்களைத் தலைக்கு மேல் திருப்பி மடக்கலாம், ஹெட் கால்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறது, நீளம் ஒன்றரை அடிக்கும் குறைவு. இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது.

“கார்பன் ஆட்டத்தச் சீக்கிரம் அடக்கும், வெயிட்டும் குறையும், ஒத்துக்கறேன். ஆனா மெல்லிசு கார்பனவிட தடிச்ச அலுமினியம் மேல்” என்றார். பாண்டியாச்சே என்று பிரெஞ்சுப் பெருமையும் கொஞ்சம் வந்தது: ட்ரைபாட் செய்யும் கிட்சோ 1917இல் பிரான்சில் ஆரம்பித்த கம்பெனி தெரியுமா என்றார். தெரியும், அதன் விலையும் தெரியும் என்றேன். சிரித்துவிட்டார்.

பூட்டு பற்றித்தான் எங்களுக்குள் சண்டை. எனக்குக் கிளிப் பூட்டு வேண்டாம், காலையில்தான் ஒன்று பல்லைக் காட்டியது. திருகுப் பூட்டில் மணல் போனால் நறநறவென்று அரைக்கும் என்று அவர். ஆனால் திருகுப் பூட்டைக் கையாலேயே கழற்றிக் கழுவலாம். கிளிப் தளர்ந்தால் அதற்கென்று ஒரு சின்னச் சாவியைத் தேட வேண்டும். நான் திருகுப் பக்கமே நின்றேன். இன்னொன்றும் அவர் சொல்லித்தான் கவனித்தேன். பழையதில் கால்களை நடுவில் இணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கம்பிகள் இருந்தன, அதனால் ஒரு காலை மட்டும் அகட்டி வைக்க முடியாது. புதியதில் ஒவ்வொரு காலுக்கும் தனிக் கோணம். கேமராவுக்கு அடியில் மாட்டும் பிளேட்டும் ஆர்கா என்ற பொது அளவு வகை, தொலைந்தால் வேறு கம்பெனிப் பிளேட் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

விலை 6,400. பேசிப் பேசி 5,900, உபரியாக ஒரு பிளேட். பட்ஜெட்டை 900 ரூபாய் தாண்டியாயிற்று. அந்த 900 கடல் பார்த்த அறையின் தலையில் விடிந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிய லாட்ஜ், ராத்திரிக்குப் பரோட்டா. மச்சான், காபியாவது ஒரு நல்ல கஃபேயில் குடிக்கலாம் என்றான் மாமா மகன். ஒரு காபி 180 என்று பலகையில் பார்த்ததும் அவனே திரும்பி நடந்தான்.

ஞாயிறு விடிகாலை கடற்கரைச் சாலை. மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நடப்பவர்கள் மட்டும்தான். காந்தி சிலையைச் சுற்றி செஞ்சியிலிருந்து கொண்டுவந்து நட்ட கருங்கல் தூண்கள். கேமரா இம்மி சாய்ந்தாலும் தூண்கள் குடித்தவை மாதிரி சாயும். ஹெட்டில் மட்டம் பார்க்க இருந்த நீர்க்குமிழை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன், அத்தனையும் நிமிர்ந்தன. அப்புறம் கரையோரக் கருங்கற்களில் இறங்கி, ஒரு கால் நீளமாக, ஒரு கால் குட்டையாக, ஒன்றைப் பக்கவாட்டில் நீட்டிப் பாறை மேல் வைத்தேன். பையை நடுக் கொக்கியில் மாட்டினேன். காற்றில் ஊசலாடி அதுவே ட்ரைபாடை ஆட்டப் பார்த்தது, பையின் அடி கல்லைத் தொடும்படி இறக்கினேன், அடங்கியது. லென்ஸில் ஆட்டம் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமர் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வந்தது! பாறைகள் கத்தி மாதிரி கூர்மை, அவற்றுக்கு நடுவே அலை பால் பொங்கி வழிவதுபோல. அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன், நடைப்பயிற்சி போன தாத்தா ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நாற்பது படம் எடுத்திருப்பேன், எல்லாம் ஒரே பாறை.

குறையும் உண்டு. கூட வந்த பால் ஹெட் சின்னது. 18-55க்குப் பிரச்சினை இல்லை. 70-300 போட்டுச் செங்குத்தாகத் திருப்பி இறுக்கினால், கையை எடுத்ததும் கொஞ்சம் தொங்குகிறது. கொஞ்சம் மேலே குறிவைத்து இறுக்கினால் சரியான இடத்தில் வந்து நிற்கும், இப்போதைக்கு அப்படி ஓட்டுகிறேன். காசு சேர்ந்தால் ஹெட்டை மட்டும் மாற்றிக்கொள்வேன். கையில் பணம் குறைவாக இருந்தால் காலில் போடுங்கள், ஹெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஹெட்டை நொண்டிக் கால் மேல் வைத்து என்ன பயன்?

லாட்ஜ் பாத்ரூமில் மூன்று கால்களையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, துண்டை விரித்துக் காயப்போட்டேன். அறை காலிசெய்யச் சொல்ல வந்த பையன் ஏதோ மோட்டார் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டான். திரும்பும் பஸ்ஸில் அது பைக்குள் கிடந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீடு வந்தபோது பாக்கெட்டில் 70 ரூபாய்.

பழையதை இன்று காலை அம்மா கொல்லையில் அவரைக் கொடிக்கு நட்டுவிட்டார். தேவனாம்பட்டினத்து அண்ணன் கட்டிய நரம்பு இன்னும் அவிழவில்லை. அவர் படத்தை பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், சம்பளம் வரட்டும்.