கோட்டைத் தாண்டி நின்ற கார்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. போன கோடை விடுமுறையில், அந்தத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு என் மகன் பல்லாங்குழிப் புளியங்கொட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தான். கல்லும் கல்லும் சேருகிற கோடு ரோடு. ஒரு கொட்டை அவன் ஓட்டிய கார். இன்னொன்று போலீஸ் கார். மூன்றாவது, ரோட்டோரம் நின்றிருந்த வேன். என் அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), அவனுக்கு ஐயா, சாய்வு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில். பதினோரு வருஷமாகிறது. மகனுக்கு மார்ச்சில் 18 முடிந்தது. மே மாதம் ஒரு சாயங்காலம், பகுதிநேர வேலை முடிந்து வரும்போது ஒரு ஸ்டாப் போர்டில் முழுசாக நிற்காமல் போனான் என்று போலீஸில் அபராத டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். அவன் வாழ்க்கையில் முதல் டிக்கெட். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை வைத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "கையெழுத்துப் போட்டியா?"

போட்டிருந்தான். என் வயிறு கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சொன்ன தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்ற வாக்குறுதி மட்டும்தான் அது. தாளிலேயே அச்சடித்திருக்கிறது. அவன்தான் விரலை வைத்துப் படித்துக் காட்டினான்.

எனக்கு அந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கா போன முதல் வருஷம், பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல, நான் ஓரங்கட்டினேன். நம் ஊரில் போலீஸ் நிறுத்தினால் இறங்கிப் போய்ப் பேசுவதுதானே மரியாதை? கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். ஒலிபெருக்கியில் ஓர் அதட்டல். அந்த ஊரில் காரை விட்டு இறங்கவே கூடாது, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரிய இருக்க வேண்டும், பையைத் துழாவுவதற்கு முன் சொல்லிவிட்டுத் துழாவ வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த அதட்டல் என் உடம்பிலேயே தங்கிவிட்டது. அரசாங்க முத்திரை போட்ட உறை எது வந்தாலும், கேட்ட தொகையைக் கட்டிவிட்டு மறந்துவிட வேண்டும் என்பதுதான் அப்புறம் என் வழக்கம்.

அதனால், "பேசாம கட்டிருவோம்" என்றேன். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் வேறு நிலுவையில் இருந்தது. அதற்கும் அவனே பதில் தேடி எடுத்தான். கைதோ மதுவோ போதைப்பொருளோ சம்பந்தப்படாத, 500 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதத்துக்கு ஆவணங்கள் இணைக்க வேண்டியதில்லை என்று விண்ணப்பக் குறிப்பிலேயே இருக்கிறது. "நான் நின்னேம்மா. நின்னதுக்கு எதுக்குக் கட்டணும்?" என்றான். பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பதினெட்டு. தாளில் இருப்பது அவன் பெயர்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பி வந்த பிறகு கோர்ட் நோட்டீஸ் ஃப்ரீமாண்ட் வீட்டுக்கு வந்தது. என் கணவர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இருநூறு டாலருக்கு மேல். இதில் அடிப்படை அபராதம் 35தான். மாநிலம், கவுன்ட்டி, கோர்ட் கட்டடம், அவசர மருத்துவம் என்று ஒவ்வொன்றாக ஏறி அவ்வளவு ஆகிவிடுகிறது. கட்டிவிட்டால் லைசென்ஸில் ஒரு பாயின்ட் விழும், மூன்று வருஷம் இருக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பார்க்கும். பதினெட்டு வயசுப் பையனுக்கு இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிற தொகை. டிராஃபிக் ஸ்கூல் என்கிற போக்குவரத்து விதி வகுப்பைப் படித்தால் அந்தப் பாயின்ட் இன்ஷூரன்ஸ்காரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைப்பார்கள். அதற்குத் தனிக் கட்டணம். 18 மாதத்துக்கு ஒரு தடவைதான் அந்தச் சலுகை.

எதிர்ப்பதானால் நேரில் போகலாம், இல்லை எழுதியே அனுப்பலாம். எழுத்து மூலம் என்றால் அந்தத் தொகை முழுவதையும் முதலில் கட்டிவிட வேண்டும். அவன் தன் பக்கத்தை எழுதுவான், போலீஸ்காரர் அவர் பக்கத்தை எழுதுவார், நீதிபதி இரண்டையும் படித்துத் தீர்ப்பு அனுப்புவார். ஜெயித்தால் பணம் திரும்ப வரும். தோற்றால், தீர்ப்பை அனுப்பிய 20 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம். ஆனால் தோற்ற பிறகு டிராஃபிக் ஸ்கூல் கிடைக்குமா என்பது நீதிபதி கையில். தெரிந்தவர்கள் பலரும் அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: "போலீஸ்காரருக்கு எழுத நேரம் இருக்காது தம்பி, எழுதலைன்னா தள்ளுபடி ஆயிரும், போடு." அது எனக்கு உறுத்தியது. அவர் எழுதாமல் விடுவார் என்பதை நம்பி ஒரு பிள்ளை தன் முதல் வழக்கை நடத்தலாமா?

பள்ளத்தூரில் இந்தப் பேச்சு வீட்டுப் பேச்சாகிவிட்டது. அம்மான் மகன் போன மாதம்தான் ஹெல்மெட் இல்லாததற்கு 1000 ரூபாய் சலான் கட்டியிருந்தான். "ஆயிரத்தக் கட்டிட்டு அடுத்த வேலையப் பாத்தேன். இதுக்குப் போயி கோர்ட்டா?" என்றான். ஆத்தா, "பிள்ளையப் போட்டுப் படுத்தாதீக" என்று எல்லாரையும் சத்தம் போட்டது. அப்பச்சி மட்டும் வக்கீல் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவருடைய அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர். மோல்மேனில் கடை. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். 1948இல் அங்கே நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் வந்த பிறகு, எங்கள் வீட்டில் மிஞ்சியது பெட்டி நிறையக் கணக்கு ஏடுகளும் வழக்குக் கட்டுகளும்தான். இரண்டாங்கட்டு அறையில் இன்னும் இருக்கின்றன.

"எங்கப்பச்சி ஒருத்தன் மேல வழக்குப் போடறதுக்கு முந்தி, நம்ம ஏட்டைத்தான் மொதல்ல பொரட்டிப் பாப்பாக. நம்ம ஏடு சுத்தமா இருந்தாத்தான் கோர்ட்டு வாசப்படி ஏறுவாக" என்றார். "இப்ப சொல்லு ராசா. எந்தக் கோட்டுல நின்ன?"

அதற்குத்தான் கொட்டைகள். மகன் கார்க் கொட்டையை மெதுவாக நகர்த்தினான். வெள்ளைக்கோடு இந்தக் கல்லின் ஓரம். வலப்பக்கம் ஒரு மரம், வேன், இரண்டும் மறைத்தன. குறுக்கு ரோட்டில் வருகிற வண்டி தெரியவில்லை. அதனால் எட்டிப் பார்க்க முன்னே வந்தான். வந்து, நின்றான். கொட்டை கோட்டைத் தாண்டி அடுத்த கல்லின் பூவில் அரைவாசி ஏறி நின்றது.

"இங்க நின்னியா?"

"ஆமாய்யா. நல்லா நின்னேன். ரெண்டு பக்கமும் பாத்தேன்."

"அதுக்கு முந்தி, கோட்டுல?"

அவன் பதில் சொல்லவில்லை. கொட்டையைக் கோட்டுக்குப் பின்னால் வைத்தான், மறுபடி முன்னே நகர்த்தினான். மூன்றாம் முறை கையை எடுத்துவிட்டான். "அங்க ஸ்லோ பண்ணினேன்யா. நிக்கல."

போலீஸ் கொட்டை இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கோடு தெரியும். அவன் பிறகு நின்ற இடம் வேனுக்குப் பின்னால் மறைந்துவிடும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கலிஃபோர்னியச் சட்டம், கோடு இருந்தால் கோட்டைத் தாண்டாமல் நிற்கச் சொல்கிறது. பார்வை மறைந்தால் முதலில் அங்கே நின்று, பிறகுதான் ஊர்ந்து போய் எட்டிப் பார்க்க வேண்டும்.

எழுதி அனுப்பும் படிவத்தில் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் சட்டப்படி தண்டனை உண்டு என அறிந்து கையெழுத்திடுகிறேன் என்று. போனில் அந்த வரியைப் பெரிதாக்கி ஐயாவுக்குத் தமிழில் சொன்னான். "நின்னேன்னு எழுதினா உண்மைதான். ஆனா எங்கன்னும் எழுதணும்ல?" என்றான். அவனாகவே சொன்னான். அந்த நிமிஷம் அவனைப் பெற்றதற்கு எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

அவன் உண்மையிலேயே கோட்டில் நின்றிருந்தால் நானே கூடப் போய்க் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பேன். பயந்துகொண்டு கட்டச் சொன்ன என்னையும் அந்தப் பிள்ளை மாற்றிவிட்டான்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு, ஃப்ரீமாண்ட்டில் காலை எட்டரை. அபராதமும் டிராஃபிக் ஸ்கூலுக்கான கட்டணமும் சேர்த்துக் கட்டினான். ஓடிபி என் கணவரின் நம்பருக்குப் போனது. அவர் காரில் ஏறுவதற்கு முன் நின்று ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.

அப்பச்சி தினமும் படுக்கப் போகும் முன் அன்றைய வரவு செலவை ஒரு சின்ன நோட்டில் எழுதுவார். அன்றும் பேனாவைத் திறந்தார்.

"எந்தக் கணக்குல எழுத, தம்பி? உங்கப்பச்சி கணக்கா?"

"வேணாம்யா. என் சம்பளத்துலேருந்து அப்பாவுக்குக் குடுத்துருவேன். என் பேர்லயே எழுதுங்க."

புதுப் பக்கம் புரட்டி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அவன் பெயரை எழுதினார்.