அந்தச் சிறுமி

2019 ஜூன் 27 இரவு, மயாமி. நமக்கு மறுநாள் காலை ஆறரை மணி. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்டவர்களின் முதல் விவாதம், அதன் இரண்டாம் நாள். மேடையில் பத்துப் பேர். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருந்ததில் பாதி காதில் ஏறவில்லை.

அப்போது கமலா ஹாரிஸ் பைடன் பக்கம் திரும்பினார். "நீங்கள் இனவெறியர் என்று நான் நம்பவில்லை" என்று நிதானமாகத்தான் தொடங்கினார். கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் ஒன்றாகப் படிக்கட்டும் என்று பேட்டை விட்டுப் பேட்டை பஸ்ஸில் அனுப்பிய காலம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1970களில் பைடன் செனட்டில் அந்த ஏற்பாட்டை எதிர்த்தவர். கலிஃபோர்னியாவில் தினமும் அப்படி பஸ் ஏறிப் போன ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அந்தச் சிறுமி நான்தான்" என்றார் கமலா. கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அம்மா ஷியாமளா நம் சென்னைப் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. சட்டம், கொள்கை என்று பேசும் இடத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தினாரே, அதற்காக.

பைடன் ஏதேதோ விளக்கினார். கடைசியில் "என் நேரம் முடிந்தது" என்று அவரே நிறுத்திக்கொண்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. இன்றைக்கும் அரசு கட்டாயமாக அப்படி பஸ் விட வேண்டுமா என்று அடுத்த வாரம் கேட்டபோது, கமலாவிடம் தெளிவான பதில் இல்லை.