மஞ்சள் தெரிந்ததும் சோடியம் என்று எழுதிவிடாதீர்கள்

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில், உப்பைச் சுடரில் காட்டி நிறத்தால் உலோகத்தைக் கண்டறியும் சுடர்ச் சோதனைக்குப் போகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு.

புத்தளம் உப்பளத்து உப்பில் ஒரு துளிப் பொடி போதும், சுடர் முழுக்க மஞ்சளாகும். சோடியத்தின் வெளி எலக்ட்ரான் 3எஸ் என்ற ஆற்றல் மட்டத்திலிருந்து 3பி மட்டத்துக்கு ஏறி, இறங்கும்போது 589 நானோமீட்டர் ஒளியை விடுகிறது. 1240-ஐ (பிளாங்க் மாறிலியும் ஒளிவேகமும் பெருகி வரும் எண், எலக்ட்ரான் வோல்ட்-நானோமீட்டரில்) 589-ஆல் வகுங்கள்: 2.1 எலக்ட்ரான் வோல்ட். இரு மட்டங்களின் இடைவெளி அவ்வளவுதான்.

பொட்டாசியத்தில்தான் சிக்கல். அதன் வலுவான கோடுகள் 766, 770 நானோமீட்டரில், கண் எட்டும் விளிம்பில் கிடக்கின்றன. அதன் சுடருக்கு ஊதாவைத் தருவது 404-இல் உள்ள மங்கலான கோடு. விரல் வியர்வையின் சோடியமே அதை மூடிவிடும்! நுனியைத் தொடாமல், நிக்ரோம் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிச் சுடரில் காட்டுங்கள். சுடரில் நிறம் வராமல் போகும்வரை திரும்பத் திரும்ப. அப்படியும் மஞ்சள் வந்தால் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பாருங்கள். மஞ்சளை அது விழுங்கிவிடும், பொட்டாசியம் இளஞ்சிவப்பாகத் தெரியும்.