மாடிக்கு விட்ட கம்பி

பெங்களூருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறேன். நான் அதிகம் மெனக்கெட்டது, ஒரு செங்கல்கூட எழும்பாத ஒரு நூலகத்துக்குத்தான். காவிரிப் படுகையில் ஒரு பேரூராட்சி. வாடகைக் கட்டடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த கிளை நூலகத்துக்குச் சொந்தமாக இடம் கிடைத்திருந்தது. அந்த ஊர் நண்பர் கேட்டார். கட்டணம் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரிலிருந்து கப்பன் பூங்காவுக்கு அளவு நாடாவோடு போவேன். 1915இல் கட்டிய சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம்தான் அங்கே நூலகம். மேசையின் உயரத்தையும் அலமாரிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்வேன். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று கல்லூரியில் படித்ததை நம்பி, வாசிப்பு அறையை வடக்கே திறந்து வைத்தேன். அது குளிர் நாட்டுப் பாடம். காவிரிக் கரையில் சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆனது முதல் ஆடி முடியும்வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்தே நிற்கும். அழித்துவிட்டு அந்தப் பக்கமும் தாழ்வாரம் இறக்கினேன்.

மற்றதையெல்லாம் திருத்தியவர் அந்த ஊர் நூலகர் அம்மா. படத்தை அனுப்பிய மறுநாளே தொலைபேசியில் வந்தார். “சார், பேப்பர் படிக்கிற பெரியவர்கள் நான் வருவதற்கு முன்பே வந்து நிற்பார்கள். அவர்கள் எங்கே உட்காருவது?” பூட்டிய கதவுக்கு வெளியே நீளத் திண்ணை வந்தது. “செருப்பை எங்கே விடுவது?” திண்ணைக்கு அடியில் மாடம் வந்தது. மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் தயங்கினார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் பெண் பிள்ளைகள் மதியத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்களாம், கழிப்பறை இல்லாததால். நான் கழிப்பறை வைத்திருந்தேன், கொல்லைப்புறத்தில், புதருக்கு அருகே. அங்கே ஒரு பெண்ணும் போகமாட்டாள் என்றார். நூலகர் மேசையிலிருந்து கதவு தெரியும்படி அதை உள்ளே கொண்டுவந்தேன்.

அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன். வினை அதில்தான் இருந்தது. நூலகம் ஒரு வளரும் உயிர் என்பது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி. சீர்காழியில் பிறந்து, கடைசிக் காலத்தில் பெங்களூருவில் வாழ்ந்து, 1972இல் இங்கேயே மறைந்தவர். அந்த விதி எனக்குப் பெரிய போதை. நாளைக்கு மாடி எழும்பும், அதிலும் புத்தகம் நிறையும் என்று கணக்குப் போட்டேன். வீட்டு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை கணக்கில் கொண்டால் போதும். புத்தக அடுக்கு அறைக்குக் குறைந்தது 600 கிலோ. அலமாரி உயர உயர அதுவும் ஏறும். தூண் பருத்தது, அஸ்திவாரம் அகன்றது, மொட்டைமாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. எஸ்டிமேட்டும் கூடவே வளர்ந்தது.

தமிழ்நாட்டில் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. சிறிய ஊரில் அது எவ்வளவு தேறும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கோப்பு போன அலுவலகத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இல்லாத மாடிக்கு இப்போதே எதற்குக் கம்பி? நான் நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன், இப்போது படித்தால் கூசுகிறது. மாடியைக் கைவிடுகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மறு ஆண்டு ஒதுக்கீடு வேறு வேலைக்குப் போனது. அதற்கடுத்த ஆண்டு இடமும் போனது.

வெளியே நான் அலுவலகத்தைத்தான் குறை சொல்லிவந்தேன். கேட்பவர்களும் உடனே தலையாட்டுவார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் பழக்கம்.

சென்ற தை மாதம் நூலகர் அம்மா மறுபடி அழைத்தார். வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். அங்கேயும் அதே கதைதானாம், ஆனால் கடைத்தெரு வியாபாரிகள் கொஞ்சம் பணம் தருகிறார்களாம். “சார், அந்தக் கழிப்பறைப் படத்தை மட்டும் அனுப்புவீர்களா?”

அன்றிரவே பழைய கோப்பைத் திறந்தேன். கழிப்பறையின் நான்கு மூலையிலும் அதே பருத்த தூண்கள், மேலே அதே கம்பிகள். ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அனுப்பினேன்.