பக்கத்திலேயே ஒரு வேலை: திருப்பூரில் நான் தேடிய விதம்

பையன் ஒன்றாம் வகுப்பு போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்குப் போவது என்று முடிவெடுத்தேன். பி.காம். படித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் சில வருட இடைவெளி. என் நிபந்தனை ஒன்றுதான்: சாயங்காலம் ஆறரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். திருப்பூரில் இது லேசான நிபந்தனை இல்லை. சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நாள் நெருங்கினால் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். காலை எட்டரைக்குப் போகிறவர்கள் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள், பல இடங்களில் கணக்குப் பிரிவும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

முதலில் கைபேசியில்தான் தேடினேன். தமிழக அரசு 2020இல் தொடங்கிய தனியார் வேலை இணையதளத்தில் பதிவு செய்ய காசு கிடையாது. மாவட்டத்தையும் படிப்பையும் கொடுத்தால் காலியிடங்கள் வருகின்றன. தனியார் செயலிகளிலும் தேடினேன். திருப்பூர் என்று போட்டால் அவிநாசியும் பல்லடமும் பெருமாநல்லூரும் கலந்து வரும். எந்தக் கம்பெனி எந்தச் சந்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பது அதில் தெரியாது. ஆனால் என் அனுபவத்துக்கு இந்த ஊரில் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பிடிபட்டது. நேர்காணலில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டபோது தயங்காமல் ஒரு தொகை சொல்ல முடிந்தது அதனால்தான்.

செயலிகளில் எண்ணைக் கொடுத்த மறுநாளிலிருந்து வேறு அழைப்புகளும் வரத் தொடங்கின. "வேலை உறுதி மேடம், பதிவுக் கட்டணம் மட்டும் இப்பவே ஜிபே பண்ணிடுங்க" என்றார் ஒருவர். கம்பெனி பெயரைக் கேட்டதும் இணைப்பு போய்விட்டது. வேலை கொடுக்கிறவர் நமக்குச் சம்பளம் தருவார், நம்மிடம் பணம் கேட்க மாட்டார். யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதோடு அங்கே வேலை முடிந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மாதத்தில் சில வெள்ளிக்கிழமைகளில் அங்கே தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்களே நேரில் வந்து உட்காருகிறார்கள். டெய்லர், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என்று நிறைய இருந்தன, கணக்கு வேலை குறைவு. ஆனால் மேசைக்கு எதிரே உட்கார்ந்து "எத்தனை மணிக்கு விடுவீங்க?" என்று கேட்கலாம், முகத்தைப் பார்த்தே பதில் உண்மையா என்று ஓரளவு தெரிந்துவிடும். பயோடேட்டா நகல்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீதியில் செக்கிங் வேலைக்குப் போகும் ஓர் அக்கா இருக்கிறார். ஆபீஸ் வேலைக்கெல்லாம் கேட்டில் போர்டு மாட்டுவார்களா என்று அவரிடம் கேட்டேன். "போர்டைப் பாக்காத கண்ணு, செக்யூரிட்டிகிட்ட கேளு. ஆபீஸ்ல யாரு வேலையை விட்டு நின்னுட்டாங்கன்னு அவருக்குத்தான் மொதல்ல தெரியும்" என்றார். அவர் சொன்னபடி வீட்டுக்குப் பக்கத்துக் கம்பெனி கேட்களில் பயோடேட்டா கொடுத்தேன், இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள்.

ஒரு கம்பெனியில் சம்பளம் நன்றாக இருந்தது. ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தமே கிடையாது, முழுசாகக் கையில் தருகிறோம் என்றார்கள். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் அது, பி.எஃப். சட்டம் அதற்குப் பொருந்தும். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். மாதாமாதம் பணம் கட்டுகிறார்களா, எத்தனை பேருக்குக் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். இவர்கள் பெயர் அதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, நம் பங்கு 0.75 சதவீதம்தான். குழந்தை இருக்கிற வீட்டில் அந்த அட்டை பெரிய பலம், அதையும் கேட்டே ஆக வேண்டும்.

கடைசியில் வேலை வந்தது ஆடிட்டர் அலுவலகங்கள் வழியாக. எந்தக் கம்பெனியில் கணக்கு பார்க்க ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் போகிற தேதி முக்கியம். 11ஆம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. படிவம், 20ஆம் தேதி இன்னொன்று என்று அதுவரை அங்கே நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. நான் 20ஆம் தேதிக்குப் பிறகு போனேன், உட்கார வைத்துப் பேசினார்கள். அதில் ஒருவர் தன் வாடிக்கையாளர் ஒருவரின் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு, அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் இடத்துக்கு, போன் போட்டார். ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்பதைப் பேசி முடித்து, நியமனக் கடிதத்திலும் எழுதி வாங்கினேன்.

இப்போதும் மாவட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஆட்சேர்ப்புப் பகுதியை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கம், சமூக நலத்துறை போன்றவற்றின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகள் அங்கேதான் வருகின்றன. விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் குறைவு, அதனால் சான்றிதழ் நகல்களை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.