பிரெஞ்சு சைக்கிள் சொற்கள்: மூன்றாவது வாரம்

1970-களில் வந்த பெஜோ சைக்கிள் ஒன்றை நண்பர் முழுசாகப் பிரித்துப் பூட்டப்போகிறார். கூட வந்த உதிரிபாகப் பட்டியல் பிரெஞ்சில் இருக்கிறது. அவர் பாகங்களைத் தேடி வாங்குவது ஆங்கிலப் பெயரில்தான் என்பதால், பட்டியலை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருகிறேன்.

ரிம், ஹப், ஸ்போக் எல்லாம் முதல் நாளே முடிந்தன. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு பிரெஞ்சில் 'பொத்தான்ஸ்'. தூக்குமரத்துக்கும் அதே சொல்தான். படத்தில் அந்த வளைவைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. சீட்டுக்கடியிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய் 'ஓபான்'. பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றின் பெயர் அது. ஆங்கிலத்தில் அந்தக் குழாய் 'சீட் ஸ்டே'. 'ஸ்டே' என்பதும் பாய்மரக் கயிறுதான்! இதைக் கண்டுபிடித்த அன்று வேறு வேலையே ஓடவில்லை.

'பெடாலியே' ஒரு வாரத்தைத் தின்றது. தனியாக வந்தால் கிராங்க்செட், அதாவது பெடல் மாட்டும் கைகளும் முன் பல்சக்கரமும். 'புவாத்தியே' சேர்ந்தால் ஃபிரேமில் இருக்கும் பாட்டம் பிராக்கெட் கூடு. 'ஆக்ஸ்' சேர்ந்தால் அதற்குள் சுழலும் அச்சு. ஒவ்வொரு வரியையும் படத்தோடு வைத்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

அப்புறம் 'பா'. இடது பெடல் வரியில் 'பா ஆ கோஷ்' என்று இருந்தது. 'பா' என்றால் 'இல்லை' என்றுதான் முதலில் தெரியும். அதனால் 'இடப்பக்கம் அல்ல' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் 14 × 1,25 என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. 14 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி. பட்டறையில் 'பா' என்றால் மரை! அது இடது மரை, அதாவது இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது. 'பா' வந்த இடமெல்லாம் திரும்பிப் போய்த் திருத்தினேன்.

பாட்டம் பிராக்கெட் கூட்டின் இரு பக்கமும் முறுக்கிப் பொருத்தும் கப்புகளுக்கு 35 × 1, இரண்டு பக்கமும் வலது மரை. ஆங்கில அளவு வண்டிகளில் செயின் பக்கத்துக் கப் இடது மரை. நண்பருக்கு அதுதான் பழக்கம். அதே ஞாபகத்தில் முறுக்கினால் கப் இன்னும் இறுகும். அதனால் 'இரண்டையும் இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றவும்' என்று என் கணக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

இனி பிரேக் பக்கம். முதல் சொல் 'எத்ரியே'. அகராதி சொல்வது குதிரைச் சேணத்தின் அங்கவடி. படத்தில் சக்கரத்தின் மேல் கவிந்து நிற்கிறது காலிப்பர், ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் பிரேக் கவ்வி.